ஓட்டுப் போடாவிட்டால் யாருக்கு லாபம்?

(பழவேற்காட்டு மீனவர் குப்பத்தில் பேசியதன் சுருக்கம்)



முகத்துவாரம் மணலடித்துப் போனால் கேட்பாரில்லை, ஆகவே அடுத்த எலக்ஷனில் குப்பத்தில் ஒருவரும் ஓட்டுப் போடுவதில்லை என்று உங்களில் சிலர் என்னிடம் சொன்னீர்கள். கோபம் நியாயந்தான். ஆனால் அதனால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்தீர்களா?

இலங்கையில் 2005-ம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலில் புலிகளின் சொல்லுக்கு அடங்கி வடக்குத் தமிழர்கள் சாவடிக்கே போகவில்லை. யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் போடவில்லை. மகிந்த ராஜபக்ச 1,80,786 ஓட்டு வித்தியாசத்தில் ரணிலை ஜெயித்தார். பிறகு நடந்த யுத்தம் நீங்கள் அறிந்ததே. ரணில் வந்திருந்தால் சொர்க்கம் வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. சொர்க்கம் என்பதே புரட்டு. இருவரில் எவர் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தமிழர்கள் தாங்களே விட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்நாட்டில் புறக்கணிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓட்டுச் சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு எண் போடலாம். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முந்திய இருவரை நிறுத்திக்கொண்டு, மற்றவர்களுடைய சீட்டுகளில் அவ்விருவரில் எவருக்கு அடுத்த எண் இருக்கிறதோ அவருக்குச் சேர்த்து எண்ணுவார்கள். ஆகவே கண்டனத்துக்கு 1, காரியத்துக்கு 2 என்று ஒரே சீட்டில் போடலாம்.

2024-ல் தமிழ்ப் பொது அபேட்சகராக நின்ற அரியநேத்திரனுக்கு 2,26,343 பேர் போட்டார்கள். அந்த வருஷந்தான் முதன்முதலாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. நாடு முழுவதும் தோற்றவர்களுக்கு விழுந்த சுமார் 33 லட்சம் ஓட்டுகளில், அநுரவுக்கும் சஜித்துக்கும் போய்ச் சேர்ந்தவை 2,73,131 மாத்திரமே! ஏராளமானோர் ஒரே எண்ணோடு நிறுத்திக்கொண்டார்கள். உரிமை இருந்தும் உபயோகமில்லை.

நமக்கோ அந்த உரிமையே கிடையாது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கு உண்டு, 1969-ல் வி.வி. கிரி ஜெயித்ததே இரண்டாவது எண்ணால்தான். நமக்கு 2013 முதல் நோட்டா என்று ஒரு பொத்தான். சட்டசபை, பார்லிமெண்டுத் தேர்தலில் அதற்கு எத்தனை லட்சம் விழுந்தாலும், அபேட்சகர்களில் அதிகம் வாங்கியவரே ஜெயித்தவர். பெரிய மனிதர்களுக்கு ஆகும் முறை வலைக்காரனுக்கு ஏன் ஆகாது? இதைக் கேளுங்கள். அது வரும்வரை, உண்மையான போட்டி எவருக்கும் எவருக்கும் என்று பார்த்துப் போடுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் கை காட்டினார்கள் என்று போடாதீர்கள். ஏரியில் பாடு எடுக்கும் சீட்டில் பட்டினவரல்லாதாருக்கு இடம் கொடுக்காதவர்கள் அவர்கள். ஓட்டுச் சீட்டில் அந்தப் பேதம் இல்லை.

சந்தேகமுள்ளவர்கள், முக்கியமாகத் தாய்மார்கள், கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.