பந்தியிலிருந்து எழுந்தவர்கள்



1522 மார்ச் 9, லெந்து நாட்களின் முதல் ஞாயிறு. சூரிச் நகரில் அச்சகம் நடத்திவந்த கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவர் வீட்டில், புகையிட்ட இரண்டு சாசேஜுகளைப் பொடித் துண்டுகளாக நறுக்கி, பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். இறைச்சி தொடக்கூடாத காலம் அது. நகர மன்றம் ஃப்ரோஷவரை விசாரித்தது. ஃப்ராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தைக்குள் வேலையை முடிக்க வேண்டும், ராப்பகலாக உழைக்கிற ஆட்களுக்கு வெறும் கூழ் எப்படிக் காணும், தினமும் மீன் வாங்கக் கட்டுப்படியாகுமா என்று கேட்டார் அவர்.

போதகர் உல்ரிச் ஸ்விங்லியும் அந்தப் பந்தியில் இருந்தார். அவர் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில், எடுத்தவர்களுக்காகப் பிரசங்க பீடம் ஏறினார். உணவு விஷயத்தில் விசுவாசியைக் கட்டிப்போட எவருக்கும் அதிகாரமில்லை என்றார். ஏப்ரலில் அந்தப் பிரசங்கம் அச்சிலும் வந்தது.

அதே ஞாயிறு, விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூத்தர் தன் பக்கத்து ஆட்களையே கடிந்துகொண்டிருந்தார். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் அவர்கள் திருப்பலி முறையை அவசரமாக மாற்றி, சிலைகளையும் உடைத்திருந்தார்கள். எட்டு நாளில் எட்டுப் பிரசங்கம். உங்களுக்கு உரிமை இருக்கிறது, சரி. ஆனால் உங்களோடு ஓடிவர முடியாத பலவீனனை ஏன் நடுவழியில் விட்டீர்கள்? இதுதான் அவர் கேள்வி.

ஒருவர் தின்னலாம் என்கிறார், இன்னொருவர் பொறு என்கிறார். இருவரும் சாட்சிக்கு அழைப்பது பவுலைத்தான். அந்தப் பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்தவர். தீத்துவுக்கு முடியாது என்றவர். கொரிந்துவின் கடையில் விற்கிற இறைச்சியைத் துருவிக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடச் சொன்னவர். பக்கத்தில் ஒருவன் ‘இது விக்கிரகத்துக்குப் படைத்தது’ என்று சொன்னால், அவனுக்காக வைத்துவிடச் சொன்னவர்.

ஆயுத பூஜையன்று அடுத்த வீட்டம்மா தட்டில் கொண்டுவரும் பொரிகடலையும் சுண்டலும் இதே கேள்வியைத்தான் நம் வாசலில் வைக்கின்றன. அன்போடு வாங்கிக்கொள்கிறவரைப் பின்மாற்றக்காரர் என்று ஏசப் பவுலிடம் இடமில்லை. நேற்று ஞானஸ்நானம் எடுத்த ஒருவர் அதைப் பார்த்துக் கலங்கினால், தட்டை நகர்த்தி வைப்பதில் ஒன்றும் குறைந்துபோகாது.

இனி கசப்பான சங்கதி. ‘பலருக்கு இடறலாகும்’ என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் யார்? அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து எழுந்துவிட்டார். அதையும் பிறர்மேல் வைத்த கரிசனம் என்று சொல்லியிருக்கலாம். பவுல் அதை மாய்மாலம் என்றார், முகத்துக்கு முகம் எதிர்த்து நின்றார்.

தஞ்சாவூர்ச் சபைகளில் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். திருவிருந்துக்கும் தனித்தனியே போனார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதியை உடனே, முழுதாக விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ‘இது உலக வழக்கம், மதமல்ல’ என்று எதிர்ப்பு கிளம்பியது. பலர் வேறு சபைக்கே போனார்கள். லைப்சிக் மிஷனின் கார்ல் கிரௌல், மெல்ல மெல்லத்தான் மாற்ற வேண்டும் என்றார். லூத்தர் கேட்ட பொறுமை பலவீனனுக்கு. இங்கே அது பலவானுக்குப் போயிற்று. பின்வரிசையில் உட்காரவைக்கப்பட்டவரின் மனச்சாட்சி இடறியதா என்று எவரும் கேட்கவில்லை.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிவாரியாகக் கல்லறைகளைப் பிரிக்க எழுந்த குறுக்குச் சுவரும் அப்படிப்பட்ட பொறுமையின் பிள்ளைதான்.

அசனம் வருகிறது. அண்டா ஏறும், இலை விழும். சபைக் கமிட்டியார் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி எழுதட்டும்: முதல் பந்தியில் யார் உட்காருவது, எச்சில் இலை எடுப்பது யார், எத்தனை வருடமாக அதே வீட்டார் எடுக்கிறார்கள்?