விக்கெட்: ஒரு சொல்லும் பல பொருளும்



இன்றைய உரைக்கு 'விக்கெட்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நான் பேசப்போவது ஆட்டத்தைப் பற்றியல்ல, சொல்லைப் பற்றி. நாள்தோறும் நம் வானொலியிலும் பத்திரிகைகளிலும் புழங்கும் ஒரு சொல்லைத் தமிழில் எவ்வாறு தருவது என்பது மொழி பயில்வோருக்கு உரிய வினாத்தானே?

விக்கெட் என்பதன் பழைய பொருள் சிறு கதவு. பிரெஞ்சு மொழியின் வடபகுதி வழக்கிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்தது. கோட்டையின் பெருங்கதவுக்குள்ளே, ஓர் ஆள் மட்டும் நுழைந்து செல்ல வைக்கப்படும் சிறிய வாயிலை அது குறித்தது. இதற்குத் தமிழில் 'திட்டிவாசல்' என்ற அழகான சொல் உண்டு. 1678ஆம் ஆண்டு வெளிவந்த ஜோன் பனியனின் நூலில் மோட்சத்துக்குப் புறப்பட்ட பயணி நுழைவது இத்தகைய ஒரு விக்கெட் வாயிலினூடாகத்தான். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' அந்நூலைத் தழுவி எழுந்ததே.

இந்தக் கதவு மைதானத்துக்குள் வந்தது எப்படி? ஆதியில் இரண்டு கம்புகளை நட்டு, மேலே ஒரு குறுக்குக் கட்டையை வைத்து ஆடினார்கள். பார்வைக்கு அது ஒரு குட்டி வாயில். 1775இல் லண்டனில் நடந்த ஒரு போட்டியில் 'லம்பி' ஸ்டீவன்ஸ் வீசிய பந்து, ஜோன் ஸ்மோலின் இரு கம்புகளுக்கும் இடையே மூன்று தடவை புகுந்து போயிற்று. குறுக்குக் கட்டை விழவில்லை, ஆட்டக்காரரும் ஆட்டமிழக்கவில்லை. இது அநீதி என்று கண்ட பின்னரே நடுவில் மூன்றாவது கம்பு வந்தது. இன்று அதன் உயரம் 28 அங்குலம், அகலம் 9 அங்குலம். வாயில் அடைபட்டுவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை.

இனிச் சொல்லின் பயன்பாட்டைப் பார்ப்போம். பந்து விக்கெட்டில் பட்டது என்றால் அது கம்புகளைக் குறிக்கும். விக்கெட் விழுந்தது என்றால் ஒருவர் ஆட்டமிழந்தார் என்பது பொருள். பிடி கொடுத்து வெளியேறினாலும் விக்கெட் விழுந்தது என்றுதான் சொல்வார்கள்; கம்புகளோ அசையாமல் நிற்கும். முத்தையா முரளிதரன் 2010இல் காலி மைதானத்தில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார் என்னும்போதும் எண்ணப்படுபவை ஆட்டமிழப்புகளே.

1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை 7 விக்கெட்டுகளால் வென்றது. இந்த ஏழும் விழாமல் எஞ்சியவை! அதே ஆட்டத்தில் குருசிங்கவும் அரவிந்த டி சில்வாவும் மூன்றாவது விக்கெட்டுக்காக 125 ஓட்டங்கள் சேர்த்தார்கள். இங்கே விக்கெட் என்பது ஒரு பொருளுமன்று; இரண்டாமவர் ஆட்டமிழந்ததற்கும் மூன்றாமவர் ஆட்டமிழந்ததற்கும் இடைப்பட்ட காலம்.

இன்னும் ஒன்று. 22 யார் நீளமுள்ள ஆடுகளத்தையும் பேச்சுவழக்கில் விக்கெட் என்பார்கள். மழையில் நனைந்து வெயிலில் காயும் ஆடுகளம் 'ஸ்டிக்கி விக்கெட்', அதாவது பிசுபிசுத்த விக்கெட். பந்து எப்படி எழும்பும் என்று சொல்ல முடியாது. இதிலிருந்து, இக்கட்டில் மாட்டிக்கொண்டவரையும் ஆங்கிலத்தில் பிசுபிசுத்த விக்கெட்டில் நிற்பவர் என்பார்கள். ஆடுகளத்தை மூடிப் பாதுகாக்கும் வழக்கம் வந்தபின் பெரிய போட்டிகளில் அந்தக் களம் அநேகமாக மறைந்துவிட்டது. மரபுத்தொடர் மட்டும் வாழ்கிறது.

இத்தனை பொருளையும் ஆங்கிலேயர் எப்படிக் குழப்பமின்றி அறிகிறார்கள்? இதற்கு விடை நமது நன்னூலில் இருக்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல்லை வினை, சார்பு, இனம், இடம் என்பவற்றால் அறியலாம். அவற்றாலும் விளங்காவிடின் சிறப்புச் சொல் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பவணந்தியார் கருத்து. மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் குதிரை. அதுபோலவே பட்டது, விழுந்தது, எடுத்தார், வென்றது என்ற வினைகளே விக்கெட்டின் பொருளைத் தீர்மானிக்கின்றன.

நமது சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விக்கெட்டைத் தமிழாக்கியோர் 'இலக்கு' என்றனர். பந்துவீச்சாளரின் கண்ணால் பார்த்தால் அது பொருத்தமே. ஆனால், பெற வேண்டிய ஓட்டத்தொகைக்கும் நாம் இலக்கு என்றே சொல்கிறோம். லாகூரில் இலங்கைக்குத் தேவைப்பட்டவை 242 ஓட்டங்கள். அந்த வெற்றியை, 'இலங்கை மூன்று இலக்குகளை இழந்து இலக்கை அடைந்தது' என்று எழுதினால், ஆட்டம் அறியாத ஒருவர் என்ன விளங்கிக்கொள்வார்? இழந்ததும் இலக்கு, அடைந்ததும் இலக்கு!

'பாட்' என்பதைத் துடுப்பு என்றது நம் நாட்டு வழக்கு. அது இடர் தரவில்லை. வள்ளம் வலிக்கும் துடுப்பும் மைதானத்துத் துடுப்பும் ஒரே வாக்கியத்தில் சந்திப்பதில்லை. இரண்டு இலக்குகளோ அடிக்கடி சந்திக்கின்றன.

ஆகவே என் கருத்து இது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று கணக்கு வைப்பது மொழிபெயர்ப்பன்று. களத்தைக் குறித்தால் ஆடுகளம் என்போம். ஒருவர் வெளியேறினால் ஆட்டமிழந்தார் என்போம். ஓட்டத்தொகையை, நன்னூலார் காட்டிய வழியில் அடை சேர்த்து, வெற்றி இலக்கு என்போம். கம்புகளுக்கும் எண்ணிக்கைக்கும் விக்கெட் என்ற சொல்லே இருந்துவிட்டுப் போகட்டும். திசைச்சொல்லுக்கு இடம் கொடுத்த மொழி நம்முடையது. பிரெஞ்சிலிருந்து வந்த அச்சொல்லை ஆங்கிலம் தனதாக்கிக்கொண்டது. அதனால் ஆங்கிலம் சிறுத்துவிடவில்லை.

தமிழ்ச் சொல்லைப் புகுத்துவதால் மட்டும் தமிழ் வளர்ந்துவிடாது. கேட்பவருக்குப் பொருள் தெளிவாகப் போய்ச் சேரும்போதே அது வளரும்.