இரட்டைப் புகைக்குழலும் பத்து நிமிஷ ஓட்டமும்



கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மறையூர், தேவிகுளம் என்று கேரள எல்லையோரத்தில் பிறந்துவிட்டு, இன்று மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றுள் சில, பூர்விக வீட்டுச் சாய்ப்பில் ஒரு பழைய மோட்டார் வண்டியையும் விட்டு வந்திருக்கின்றன. விற்க மனம் வராது. உடன் கொண்டுபோகவும் வழியிராது. ஆகவே, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியைக் கொடுத்து, "வாரம் ஒரு முறை பத்து நிமிஷம் ஓட விடுங்கள்" என்று சொல்லிவிட்டு ரயிலேறுகிறோம். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அதனால் நேர்ந்ததைச் சொல்லவே இன்று வந்தோம்.

எங்கள் பெரியப்பா மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் துரையிடமிருந்து வாங்கிய வண்டி அது. மூணாற்றில் 1902ஆம் ஆண்டு ஒற்றைத் தண்டவாளமும், 1908ஆம் ஆண்டு சிறு ரயிலும் ஓடின. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. அதன்பின் அம்மலைக்கு மோட்டாரே கதி. துரைமார் நல்ல வண்டிகளைத் தேடி வாங்கியதில் வியப்பில்லை. எங்களுடையது ஜாகுவார் மார்க் 2. 3.4 லிட்டர் என்ஜின், ஆறு சிலிண்டர், இரண்டு புகைக்குழல்கள்.

இரண்டு குழல் எதற்கு என்று சிறுவயதில் நாங்கள் பெரியப்பாவைக் கேட்டதுண்டு. "ஒன்று போனால் ஒன்று" என்பார்! உண்மைக் காரணம் அதனினும் அழகியது. அந்த என்ஜினில் சிலிண்டர்கள் 1, 5, 3, 6, 2, 4 என்ற வரிசையில் வெடிக்கின்றன. முதல் மூன்றுக்கு ஒரு மேனிபோல்டு, அடுத்த மூன்றுக்கு மற்றொன்று. வரிசையைக் கவனித்தால், வெடிப்பு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தவறாமல் மாறி மாறி வருவதைக் காணலாம். ஆகவே ஒவ்வொரு குழலிலும் புகை சமமான இடைவெளியில் செல்கிறது. ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததன் வழியை மறிப்பதில்லை. அமெரிக்காவின் எட்டு சிலிண்டர் வண்டிகளில் ஒவ்வொரு பக்கத்து வெடிப்பும் ஒழுங்கற்ற இடைவெளியில் வருவதால்தான் அவற்றுக்கு அந்தக் குமுறல் ஒலி. எங்கள் வண்டியோ சீராகப் பேசும். ஒரு குழலில் ஓட்டை விழுந்தாலோ, அடைத்துக்கொண்டாலோ, உடனே பேச்சு நொண்டும்.

மூன்றாண்டு இடைவெளிக்குப் பிறகு ஊருக்குப் போய் வண்டியைக் கிளப்பியபோது நாங்கள் கேட்டது அந்த நொண்டல் ஒலியைத்தான். ஒரு குழலின் வாயில் கைவைத்தால் புகை வேகமாக மோதிற்று. மற்றதில் மூச்சே இல்லை. உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதை எடுத்தெறிந்தோம். நோய் அதுமட்டும் என்று எண்ணியிருந்த வேளையில், வண்டியை நகர்த்தியதும் சைலன்ஸர் ஒன்று இரண்டாகப் பிளந்து தரையில் விழுந்தது. வெளிப்புறம் நன்றாகவே இருந்த தகடு, உட்புறம் அப்பளம்போல் ஆகிவிட்டிருந்தது.

பொள்ளாச்சியில் பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"வாரா வாரம் ஓட விட்டீங்களா, தம்பி?"

"தவறாமல் பத்து நிமிஷம், ஐயா."

"அந்தப் பத்து நிமிஷந்தான் தின்னுருக்குது."

அவர் சொன்ன கணக்கு இது: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. கேட்பவர் நம்பமாட்டார், நாங்களும் நம்பவில்லை. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. சாலையில் நெடுந்தூரம் ஓடும்போது குழல் முழுவதும் சூடேறி, ஆவி ஆவியாகவே வெளியேறிவிடும். நின்ற இடத்தில் பத்து நிமிஷம் ஓடினால் என்ஜின் பக்கம் சுடும். வால் பக்கம் குளிர்ந்தே கிடக்கும். அங்கே ஆவி நீராகி, புகையிலுள்ள அமிலத்தையும் வாங்கிக்கொண்டு, சைலன்ஸரின் அடியில் தேங்கி நிற்கும். அடுத்த ஞாயிறு அதன்மேல் மேலும் சிறிது. இரட்டைக் குழல் வண்டிக்கு இத்துன்பம் இருமடங்கு. ஏனெனில் ஒவ்வொரு குழலும் பாதிப் புகையையே பெறுகிறது, சூடேற அதிக நேரம் பிடிக்கிறது. நாங்கள் மருந்தென்று கொடுத்ததே நஞ்சாக முடிந்தது.

இனிச் சீரமைப்புக்கு வருவோம். முதலில் மேனிபோல்டை இறக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டவர்கள் கெட்டார்கள். துருப்பிடித்த ஸ்டட்டை முறுக்கினால் அது தலையோடு உடைந்து சிலிண்டர் தலைப்பில் தங்கிவிடும். பிறகு துளைபோட்டு எடுப்பது பெரும்பாடு. நான்கு நாள் காலை மாலை துருநீக்கி எண்ணெய் விட்டு, இளஞ்சூடு காட்டி, கால் திருப்பு முன்னும் பின்னுமாக அசைத்தே எடுத்தோம். திரும்பப் பூட்டும்போது பித்தளை நட்டுகள்தாம் போட வேண்டும். அவை ஸ்டட்டோடு இறுகிப்போவதில்லை. மேனிபோல்டின் முகத்தில் நேர்விளிம்பு வைத்து, வளைவில்லை என்று கண்ட பிறகே புதிய கேஸ்கட்.

குழலை வளைப்பதில் எங்களுக்கும் பட்டறைக்காரருக்கும் வாதம் நேர்ந்தது. பெரிய விட்டமுள்ள குழல் போட்டால் வண்டி பறக்கும் என்று எங்களுள் இளையவன் எங்கோ படித்திருந்தான். முதியவர் ஒப்பவில்லை. குழல் பெருத்தால் புகையின் வேகம் குறைந்து, இன்னும் சீக்கிரம் குளிரும் என்பது அவர் கட்சி. பழைய குழலின் அளவே நிலைத்தது. உட்புறம் மணலை இறுகக் கெட்டித்து, சூடாக்கி வளைத்தார். அப்போதுதான் வளைவு நசுங்காது. மணலை இரும்புச் சட்டியில் வறுத்தே போட்டார். ஈரம் இருந்தால் ஆவி உண்டாகிக் குழல் வெடிக்கும்.

துருப்பிடிக்காத எஃகா, சாதாரண இரும்பா என்பது அடுத்த கேள்வி. எஃகு நீண்ட நாள் உழைக்கும், ஐயமில்லை. ஆனால் ஒலி சற்றுக் கணீரென்று மாறும். சூட்டில் அதிகமாக நீளவும் செய்யும். மூன்று மீட்டர்க் குழல் 300 டிகிரி சூடேறினால் இரும்பு சுமார் 11 மில்லிமீட்டர் நீளும். பரவலாகக் கிடைக்கும் எஃகு வகையோ சுமார் 15. தொங்கவிடும் ரப்பர்கள் அதற்கு இடங்கொடாவிட்டால் இணைப்பு விரிசல் விடும். ஊரில் இல்லாத எங்களைப் போன்றவர்க்கு எஃகே தக்கதென்று தேர்ந்தோம். பெரியப்பா காலத்து ஒலியில் ஒரு சிறு பங்கை அதற்காக இழந்தோம். அது இன்றும் எங்களுக்கு உறுத்தல்தான். சைலன்ஸர் ஒவ்வொன்றின் தாழ்ந்த இடத்திலும் மூன்று மில்லிமீட்டர்த் துளை ஒன்று போடச் சொன்னோம், நீர் வடிய.

பூட்டி முடித்ததும் ஒரு சோதனை. என்ஜினை நிறுத்திவைத்து, தூசி உறிஞ்சும் எந்திரத்தின் ஊதுவாயைக் குழலில் செருகி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவினோம். குமிழி வந்த இடம் ஒழுகும் இடம். இதை விளையாட்டாக எண்ணலாகாது. ஒழுகும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு உண்டு; அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூணாறு ஏறும்போது பனிமூட்டத்துக்காகக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம். பின்னிருக்கையில் குழந்தைகள் உறங்குகிறார்கள். அவ்வுறக்கம் வாயுவால் வந்த மயக்கமென்றால் அறிவார் யார்?

சட்டத்தையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறோம். சைலன்ஸர் இன்றி ஓட்டுவது மோட்டார் வாகன விதிகளுக்கு மாறு. 2021ஆம் ஆண்டு வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து, சட்டகம், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிந்துகொள்ளலாம். அப்படிப் பதிந்தால் அன்றாடப் போக்குவரத்துக்கு அதை எடுக்க முடியாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலை திறந்திருக்கும். எது வேண்டுமென்று முன்னரே தீர்மானிப்பது நல்லது. கோவை அவினாசி சாலையில் 2015ஆம் ஆண்டு திறந்த ஜீடி கார் காட்சிச்சாலையைப் பார்த்துவிட்டுத் தீர்மானித்தால் இன்னும் நல்லது; பழைய வண்டியை வைத்துக் காப்பது என்பது என்னவென்று அங்கே விளங்கும்.

வேலை முடிந்த மறுநாள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாறு கடந்து மலையேறினோம். தொடக்கத்தில் இரு குழல்களிலிருந்தும் நீர் சொட்டிற்று. உடுமலை தாண்டுமுன் சொட்டு நின்றது. மறையூரில் இறங்கிக் கைவைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே வேகம், ஒரே சூடு.

ஊர் திரும்பியதும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சியிடம் புதிய ஏற்பாடு சொன்னோம். மாதம் ஒருமுறை, ஓட்டத் தெரிந்தவர் யாரேனும் பொள்ளாச்சி வரை போய்வர வேண்டும். இயலாத மாதம் கிளப்பவே வேண்டாம். நெடுநாள் நிற்பதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஸ்பார்க் பிளக் துளைகளில் சிறிது எண்ணெய் விட்டு, குளவி புகாதபடி இரு குழல்களின் வாயையும் துணியால் அடைக்க வேண்டும். அடைத்தது மறந்துபோகாதிருக்க, ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.