கடன் தொல்லையும் நம் பங்கும்

(யூபிலி விழாவையொட்டிப் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தில், வின்சென்ட் தே பவுல் சபையினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

யூபிலி, யூபிலி என்று ஆண்டு முழுவதும் பேசி வருகிறோம். லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தை வாசித்தால் அச்சொல்லின் முழுப்பொருளும் விளங்கும். ஐம்பதாம் ஆண்டில், வறுமையால் விற்கப்பட்ட நிலம் உரிய குடும்பத்துக்குத் திரும்பும். வறுமையால் அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்புவான். ஆகவே யூபிலி விழாவில் கடனைப் பற்றிப் பேசுவது முற்றிலும் பொருத்தமே.

எலிசேயு தீர்க்கதரிசியிடம் வந்த கைம்பெண்ணின் வரலாற்றை நாம் அறிவோம். கடன்காரன் அவளுடைய இரண்டு மக்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். அவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. நம்பத்தக்க ஒருவரிடம் போய் நிலைமையைச் சொன்னாள். எலிசேயுவும் உடனே காசை எடுத்து நீட்டவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் விசாரித்தார். புதுமை ஆண்டவருடையது, காலத்தில் போய்ச் சொன்னதோ அந்தத் தாயின் விவேகம்.

நம் குடும்பங்கள் பல இதைச் செய்யத் தயங்குகின்றன. நகை அடகுக்குப் போகும், ஒரு குழுக்கடனை அடைக்க மறு குழுவில் கடன் வாங்கப்படும், அதை அடைக்கத் தண்டல்காரர் வருவார். அடுத்த வீட்டுக்குக்கூடச் செய்தி தெரியாது. எல்லாம் மானத்துக்குப் பயந்துதான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று காத்திருப்பவனுக்கு இந்த மௌனமே முதலீடு.

கடனில் தவிப்பவருக்கும் சட்டத்தின் துணை உண்டு என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மீறுபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் 30,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். அரசு நிர்ணயித்த வட்டியோடு கடன் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிடவும் அச்சட்டத்தில் வழியுண்டு. குழுக்கடன்களைப் பொறுத்தமட்டில், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டவோ, நாலு பேர் முன் அவமானப்படுத்தவோ கூடாது. வங்கியில் எழுத்து மூலம் முறையிட்டு 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குச் செலவின்றி எழுதலாம்.

அடுத்து, வரவேண்டிய உதவிகள். தையல், கட்டுமானம், வீட்டு வேலை, ஆட்டோ ஓட்டுதல் போன்ற தொழில் செய்வோர் நலவாரியத்தில் பதிந்துகொண்டால், பிள்ளைகளின் படிப்பு, திருமணம், பிரசவம், விபத்து மரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என உதவிகள் உண்டு. பதிவைப் புதுப்பிக்க மறந்ததால் அவற்றை இழந்தவர்கள் பலர். மனுவின் கதி தெரியவில்லையா? 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கடையில் வாங்கிய பொருள் பழுதாகி, கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 இலட்சத்துக்கு மேற்படாதிருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் ரசீது வேண்டும். ரசீதை அடுப்பங்கரை டப்பாவில் பத்திரப்படுத்தும் இல்லத்தரசி பாதி வழக்கை வென்றவள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான வாசல், நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், அங்கே இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

இவ்வளவும் இருந்தும் ஏன் பேசுகிறோம்? 2017 அக்டோபர் 23 அன்று, திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்கிரையானது. தாய், தந்தை, இரண்டு பெண் குழந்தைகள். முன்னரே மனுக்கள் கொடுத்திருந்த குடும்பம் அது. சட்டம் 2003-லேயே வந்துவிட்டது, மனுவும் எழுதப்பட்டுவிட்டது. கூட நடந்துபோய், "இந்த மனு என்ன ஆயிற்று?" என்று மறுபடியும் மறுபடியும் கேட்க நாலு பேர் வேண்டியிருந்தது. அந்த நாலு பேராக இருப்பது திருச்சபையின் வேலையல்லவா? 1462-இல் பெரூஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவியர் வட்டிக்காரரிடமிருந்து ஏழைகளைக் காக்க அடகு நிலையம் அமைத்தார்கள். பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட சுற்றுமடலில் பேராசை பிடித்த வட்டியைக் கண்டித்தார். இந்தப் பாரம்பரியம் நம் பங்கிலும் தொடர வேண்டும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். யூபிலி நினைவாகக் கோபுரத்துக்கு வண்ணம் பூசுகிறோம், மகிழ்ச்சி. அத்துடன், மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், இம்மண்டபத்தில் ஒரு மேசையும் நாலு நாற்காலியும் போடுவோம். படித்த இளைஞர்கள் மனு எழுதட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் கணக்கைப் பார்க்கட்டும். அலுவலகத்துக்குத் துணையாகப் போக இருவர் முன்வரட்டும். அங்கே கேட்டது அங்கேயே இருக்கும் என்ற உறுதியை எல்லோரும் கொடுப்போம். அது இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

கடன்பட்ட சகோதர சகோதரிகளே, சீட்டு, பாஸ்புக், நோட்டீஸ், எதையும் கிழித்துப் போடாமல் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். புரியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். கடைசி நாள்வரை காத்திராதீர்கள்.

ஐம்பதாம் ஆண்டின் எக்காளம் ஏழையின் செவியிலும் நற்செய்தியாக ஒலிக்க எல்லாம் வல்ல இறைவன் துணைபுரிவாராக.