இயக்குநர் வரலாறும் களஞ்சிய நேர்மையும்

(திண்டுக்கல்லில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் பத்து மடலங்களும் 1968-இல் நிறைவெய்தின. மகேந்திரன் இயக்கிய முதற்படம் 'முள்ளும் மலரும்' வந்தது 1978-இல். ஆகவே, அவர் வரலாற்றை எழுதும் கடமை எவரும் திருத்தத்தக்க இணையக் களஞ்சியங்களைச் சார்ந்தது.

1939-இல் பிறந்தார், 2019-இல் மறைந்தார், இன்னின்ன படங்களை இயக்கினார் என அடுக்கினால் அது பட்டியல், வரலாறு ஆகாது. முதற்படம் உமாசந்திரனின் புதினத்தினின்று கிளைத்தது. 'உதிரிப்பூக்கள்' (1979) புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை வித்தாகக் கொண்டது. இவ்விரு பெயர்களையும் விடுத்த கட்டுரை, தமிழ் எழுத்தாளனின் உழைப்பை மறைத்த கட்டுரையே!

திண்டுக்கல் பூட்டு தன் திறவுகோலுக்கன்றித் திறவாது. அதுபோல், சான்றுக்கன்றிக் களஞ்சியமும் வாயில் திறத்தலாகாது. புகழ்ச்சி மிகுந்து சான்று குறைந்த பத்திகளைத் தமிழாசிரியரும் மாணவரும் திருத்துக! நல்ல தமிழில் திருத்துக!