புகைபோக்கி நிற்கிறது, தொழிலாளி எங்கே?

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மும்பை லோயர் பரேலில், நாட்டின் விலையுயர்ந்த அங்காடி வளாகங்களுள் ஒன்றின் நடுவே பழைய புகைபோக்கி ஒன்று நிற்கிறது. ஃபீனிக்ஸ் மில்லின் புகைபோக்கி அது. சுற்றிலும் உணவகங்கள், ஆடையகங்கள், திரையரங்குகள். அந்த ஆலையில் நூல் நூற்றவரும் துணி நெய்தவரும் இன்று அங்கே சென்றால் ஒரு கோப்பைத் தேநீருக்குக் கேட்கப்படும் விலையைக் கண்டே திரும்பிவிடுவர்.

பழைய ஆலைக் கட்டடங்களைச் செப்பனிட்டால் நலிந்துபோன ஜவுளி நகரம் புத்துயிர் பெறும் என்ற கருத்து இன்று உலகெங்கும் செல்வாக்குப் பெற்றுள்ளது. கட்சி அணிகளிடையே இதனை மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் போக்கு உண்டு. அது பிழையான போக்கு. பஞ்சாலைப் பகுதியின் கட்டடங்கள் ஆலை முதலாளிகளின் சொத்துப் பத்திரங்கள் மட்டுமல்ல. இந்தியத் தொழிலாளி வர்க்கத்தின் வரலாறு அவற்றில் படிந்திருக்கிறது. ஆனால் காக்கப்படும் கட்டடமும் அது நிற்கும் நிலமும் யார் கையில் இருக்கப் போகின்றன என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இக்கருத்தை எடைபோட முடியாது. அதற்கு மும்பையைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

மராத்தியில் ‘கிர்ணி’ என்றால் ஆலை. பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா, சிவ்ரி முதலிய பகுதிகளைச் சேர்த்துக் ‘கிரண்காவ்’, அதாவது ஆலைக் கிராமம், என்று மக்கள் வழங்கினர். 1854இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் தார்டேவில் முதல் பஞ்சாலைக்கு வித்திட்டார். 1856இல் அது உற்பத்தியைத் தொடங்கியது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் இங்கிலாந்துக்குச் செல்லும் அமெரிக்கப் பஞ்சு நின்றது. பம்பாய்ப் பஞ்சு வணிகர்கள் பெரும்பொருள் ஈட்டினர். அந்த வணிகர் குலங்களே பிற்காலத்தில் ஆலை முதலாளிகளாக உயர்ந்தன. கொங்கணக் கடற்கரையிலிருந்தும் சாதாரா போன்ற மலைப்புற மாவட்டங்களிலிருந்தும் உழவர் மக்கள் வந்து சேர்ந்தனர். காலப்போக்கில் 58 ஆலைகள், ஏறத்தாழ 600 ஏக்கர் ஆலை நிலம், நகரின் இதயத்தில் அமைந்தன.

ஆலையைச் சுற்றி எழுந்தவை ‘சால்’ எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்புகள். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். பகல் முறைக்காரர் எழுந்து சென்ற பாயில் இரவு முறைக்காரர் வந்து படுப்பார். குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்களுக்கு மாதக் கணக்கில் சோறு போட்டவர்கள் ‘கானாவள்’ நடத்திய பெண்கள். ஆலை நின்றால் அப்பெண்களின் அடுப்பும் அணையும். ஆயினும் எந்த ஆலையின் வருகைப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இராது. 1975இல் தோழர் பிரேமா புராவ் அத்தகைய 14 பெண்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டலத்தைத் தொடங்கினார். ஆலைப் பகுதியின் வரலாற்றுச் சின்னங்கள் எவை என்று பட்டியலிடுவோர் ஒரு கானாவள் சமையலறையையும் அதில் சேர்க்க வேண்டும்.

போராட்டங்களைக் கட்சித் தோழர்கள் அறிவர். விரிவாகக் கூற வேண்டியதில்லை. 1908 ஜூலையில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டபோது ஆலைத் தொழிலாளர் ஆண்டுக்கு ஒரு நாளாக ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் அரசியல் பொருளைத் தொலைவிலிருந்தே கண்டுணர்ந்து லெனின் எழுதினார். 1928இல் ஆறு மாதம் நீடித்த பொது வேலைநிறுத்தத்தினூடே செங்கொடி கிர்ணி காம்கார் சங்கம் பிறந்தது. அண்ணாபாவ் சாட்டே, அமர் ஷேக், கவாண்கர் ஆகியோரின் லால் பாவ்ட்டா கலாபதக் இச்சால்களின் முற்றங்களில்தான் பாடியது. 1970 ஜூன் 5 அன்று கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ண தேசாய் படுகொலை செய்யப்பட்டார். 1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை.

இதே வரலாற்றில் கசப்பான பக்கமும் உண்டு. நெசவுப் பிரிவில் நாடாவின் கண் வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். அதைக் காரணமாகக் காட்டி, கூலி மிகுந்த அப்பிரிவில் தலித் தொழிலாளர் சேர்க்கப்படவில்லை. அவர்களைத் தடுத்தவர்களில் சக தொழிலாளர்களே முன்நின்றனர். 1928 வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இதனை எழுப்பினார். அவரே பரேலில் ஒரு சாலில் இரண்டு அறைகளில் இருபதாண்டுகளுக்கும் மேலாகக் குடியிருந்தவர். ஆலைப் பகுதியில் அருங்காட்சியகம் அமைவதாயின் அந்த நாடாவும் அதில் இடம்பெற வேண்டும், அதன் கதையோடு.

இனி, அந்த 600 ஏக்கருக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். 1991இல் மகாராஷ்டிர அரசின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58 நடைமுறைக்கு வந்தது. ஆலை நிலத்தை விற்கவோ மாற்றிக் கட்டவோ விரும்பினால் மூன்றில் ஒரு பங்கு பூங்கா, விளையாட்டுத் திடல் முதலியவற்றுக்காக மாநகராட்சிக்கும், மற்றொரு பங்கு எளியோர் வீடுகளுக்காக மஹாடா வீட்டு வாரியத்துக்கும் போக வேண்டும்; எஞ்சியது உரிமையாளருக்கு. முதலாளிகளுக்குக் கிடைத்த பங்கே மிகுதி என்ற போதிலும், நகரத்துக்கும் ஏதோ கிடைத்திருக்கும். 1996இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு தனித்தனி மனைகளாகப் பாராமல் ஆலை நிலம் முழுவதையும் ஒன்றாகக் கொண்டு திட்டமிட வேண்டும் என்ற வழியைக் காட்டியது. அறிக்கை அடுக்கில் உறங்கியது.

2001இல் விதி திருத்தப்பட்டது. திருத்தம் சில சொற்களே. பங்கிடப்பட வேண்டியது ஆலையின் முழு நிலமல்ல, கட்டடம் இல்லாத காலி நிலம் மட்டுமே என்றாயிற்று. ஆலைக் கூடத்தை இடித்தபின் வெளிப்படும் தரை ‘காலி நிலம்’ எனக் கொள்ளப்படாது. ஆலை வளாகங்களில் பெரும்பகுதி கூடங்களாலும் கிடங்குகளாலும் நிறைந்திருந்ததால் பொதுமக்களுக்குரிய பங்கு சுருங்கிப் போனது. இதிலுள்ள சூழ்ச்சியைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நிலத்தைப் பொதுவுக்குத் தராமலிருக்கக் கட்டடம் காரணமாகக் காட்டப்பட்டது. காரணம் காட்டி முடிந்ததும் கட்டடம் இடிக்கப்பட்டது. மக்கள் நிலத்தையும் இழந்தனர், வரலாற்றையும் இழந்தனர். 2005இல் பம்பாய் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. 2006 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளித் திருத்தத்தை நிலைநாட்டியது.

தனியார் ஆலைகளோடு இது நிற்கவில்லை. 1974 முதல் இயற்றப்பட்ட நாட்டுடைமைச் சட்டங்களால் மும்பையின் 25 ஆலைகள் தேசிய ஜவுளிக் கழகத்தின் கீழ், அதாவது மக்கள் உடைமையாக, வந்திருந்தன. 2005இல் அவற்றுள் சில ஏலம் விடப்பட்டன. மும்பை டெக்ஸ்டைல் மில் 702 கோடி ரூபாய்க்கும் கோகினூர் மில் எண் 3 421 கோடி ரூபாய்க்கும் பெருநிறுவனங்களிடம் சென்றன. நலிந்த ஆலைகளைச் சீரமைக்கப் பணம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். சீரமைந்த ஆலைகள் எத்தனை என்பதைப் பின்னர் காண்போம்.

எஞ்சி நின்ற ஆலைக் கூடங்கள் அலுவலகங்களாகவும் மதுக்கூடங்களாகவும் மாறின. இம்மாற்றத்தையும் சிலர் ‘மரபு மீட்பு’ என்றே அழைத்தனர். 2017 டிசம்பர் 29 அன்று அதிகாலை, கமலா மில் வளாகத்தின் மேல்தளக் கேளிக்கைக் கூடங்களில் பற்றிய தீயில் 14 பேர் மாண்டனர். ‘மரபு’ என்ற சொல்லையே இங்கு எண்ணிப் பார்க்கலாம். தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஓர் இயல் உண்டு. அங்கே மரபு என்பது வாழும் மக்களிடம் வழங்கிவரும் வழக்கு. வழங்குவோரை வெளியேற்றிவிட்டு வழக்கை மட்டும் காப்பது எங்ஙனம்?

உலகில் வேறு வழிகளும் காணப்பட்டுள்ளன. ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலைக் குடியிருப்பை ராபர்ட் ஓவன் பெயரோடு தோழர்கள் படித்திருப்பர். ஏங்கெல்ஸ் அதைப் பாராட்டியும் அதன் எல்லையைச் சுட்டியும் எழுதியுள்ளார். அங்கே ஆலை 1968இல் மூடப்பட்டது. ஊர் இடிந்து போகும் நிலையில், ஆலைக் கட்டடங்களோடு தொழிலாளர் வீடுகளும் படிப்படியாகச் செப்பனிடப்பட்டன. பொறுப்பை ஏற்றது இலாப நோக்கற்ற ஓர் அறக்கட்டளை. 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான பின்னரும் அவ்வீடுகளில் மக்கள் குடியிருக்கின்றனர். விடுதியும் சுற்றுலாவும் அங்கும் உண்டு; ஆனால் வீடுகள் வீடுகளாகவே இருக்கின்றன.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரம் 1978இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாகத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கப்பட்டது. பூட் பஞ்சாலையின் நெசவுக் கூடத்தில் விசைத்தறிகள் இன்றும் ஓட்டிக் காட்டப்படுகின்றன. பார்வையாளர் காதடைப்பானோடு நிற்க வேண்டியிருக்கிறது. 1834லும் 1836லும் கூலிக் குறைப்பையும் விடுதிக் கட்டண உயர்வையும் எதிர்த்து அங்கு வேலைநிறுத்தம் செய்தவர்கள் இளம்பெண்கள். அவர்கள் நூற்ற பஞ்சு தென்மாநில அடிமைகள் விளைவித்தது. இரண்டையும் அங்கே கூறுகிறார்கள். முதலாளித்துவ அரசு ஒன்று செய்ததுதான் இதுவும். ஆனால் மைய அரசு பொதுப்பணத்தைச் செலவிட்டது, பொறுப்பையும் தன் கையில் வைத்துக்கொண்டது.

போலந்தின் வூட்ஜ் நகரம் மும்பைக்கு நெருக்கமான உறவு. 1905 ஜூனில் தடுப்பரண்கள் எழுப்பித் தொழிலாளர் போரிட்ட நகரம் அது. பொஸ்னான்ஸ்கியின் மாபெரும் செங்கல் ஆலை அழகாகச் செப்பனிடப்பட்டு 2006இல் ‘மனுஃபக்தூரா’ என்ற அங்காடி வளாகமாகத் திறக்கப்பட்டது. கட்டடம் காப்பாற்றப்பட்டது என்பதை மறுக்க முடியாது.

இந்தியாவில் மரபுப் பட்டியல்களே வர்க்கச் சாய்வுடையவை. 2017இல் அகமதாபாத்தும் 2018இல் மும்பையும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. அகமதாபாத்தில் ஏற்கப்பட்டது மதிலுக்குள் அமைந்த பழைய நகரம். மும்பையில் ஓவல் மைதானத்தைச் சூழ்ந்த விக்டோரியன், ஆர்ட் டெகோ மாளிகைகள். இவ்விரு நகரங்களையும் உலகறியச் செய்த பஞ்சாலைகள் அந்தப் பெருமைக்கு வெளியே நிற்கின்றன.

தொழிலாளர் குடியிருப்பைப் பற்றிப் பேசும்போது உணர்ச்சிவயப்படாமல் இருப்பது நல்லது. 1920களில் கட்டப்பட்ட பி.டி.டி. சால்களில் ஓர் அறை 160 சதுர அடி, கழிப்பறை பொதுவானது. அதற்குள் நான்கு தலைமுறை வாழ்ந்தவர்களிடம் ‘இது மரபுச் சின்னம், இடிக்கக் கூடாது’ என்று போதிக்க எவருக்கும் உரிமையில்லை. அவர்கள் பெரிய வீடு கேட்பது நியாயமே. ஒரு கட்டடத்தை நினைவாக நிறுத்தி, மற்றவற்றில் குடியிருந்தோர் அனைவருக்கும் அதே இடத்தில் தகுந்த வீடு தருவதே முறை. அதைவிடப் பெரிய சிக்கல், ஆலை வேலையோடு வாடகை வீட்டையும் இழந்து வெளியேறியவர்களுடையது. 2012 ஜூனில் நடந்த முதல் குலுக்கலில் 6,925 வீடுகள், ஒவ்வொன்றும் 225 சதுர அடி, ஒதுக்கப்பட்டன. விண்ணப்பித்தோர் ஒரு லட்சத்துக்கும் மேல். இப்போது வாங்கணி, ஷேலு போன்ற, கர்ஜத் ரயில் தடத்தில் வெகு தொலைவிலுள்ள ஊர்கள் காட்டப்படுகின்றன. 1872இல் ‘குடியிருப்புப் பிரச்சினை’ என்ற நூலில், முதலாளித்துவம் இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை, வேறிடத்துக்குத் தள்ளி வைக்கிறது என்று ஏங்கெல்ஸ் விளக்கினார். அந்த வேறிடத்தின் பெயர் மும்பைத் தொழிலாளிக்கு வாங்கணி. 2025 ஜூலையில் ஆசாத் மைதானத்தில் திரண்ட முதிய தொழிலாளர்களும் வாரிசுகளும் மும்பைக்குள்ளேயே வீடு கேட்டனர்.

அனைத்தும் முடிந்துவிடவில்லை. தாதரில் இந்தியா யுனைடெட் மில் எண் 6 நிலம் அம்பேத்கர் நினைவிடத்துக்காகப் பெறப்பட்டது, மக்கள் இயக்கத்தின் வலிமையால். காலாசௌக்கியில் அதே நிறுவனத்தின் எண் 2, 3 ஆலை வளாகத்தில் மாநகராட்சி அமைக்கவேண்டிய ஜவுளி அருங்காட்சியகம் நெடுங்காலமாக இழுபடுகிறது. தேசிய ஜவுளிக் கழகத்தின் டாடா மில், பொத்தார் மில் போன்றவை 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை, மீண்டும் ஓடவில்லை. நாடெங்கும் அவ்வாறு நின்ற கழக ஆலைகள் 23; கோவை ஆலைகளும் அவற்றுள் அடங்கும். நிலத்தை விற்றுச் சீரமைத்ததாகக் கூறப்பட்ட கழகத்தின் இறுதி நிலை இது.

ஆகவே கோரிக்கைகள் ஒன்றோடொன்று பிணைந்தவையாக எழ வேண்டியுள்ளது. ஓடக்கூடிய ஆலை ஓட வேண்டும். ஓட இயலாத ஆலையின் நிலம் ஏலத்துக்கு வராமல் பொது உடைமையாகவே நீடிக்க வேண்டும்; கூடங்களைச் செப்பனிட்டுப் பள்ளி, மருத்துவமனை, அரங்கம், சிறு தொழிற்கூடம் என்று பயன்படுத்தலாம். கட்டுறுதி மிக்க வார்ப்பிரும்புத் தூண்களும் உயர்ந்த கூரையும் இதற்கு இடந்தரும். வீடு கட்டப்படும் இடம் அதே வட்டாரமாக இருக்க வேண்டும். காலாசௌக்கி அருங்காட்சியகத்தின் நிர்வாகக் குழுவில் ஆலைத் தொழிலாளர் சங்கங்களுக்கு இடம் வேண்டும்.

இவற்றுக்காகக் காத்திராமல் கிளைகள் உடனே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. மீனா மேனனும் நீரா ஆதர்க்கரும் நூறு பேரின் வாய்மொழியைத் தொகுத்து 2004இல் நூலாக வெளியிட்டனர். அதன் பின்னரும் பேசாதவர் பலர் உள்ளனர். 1982 ஜனவரியில் இருபத்தைந்து வயதில் தறியை நிறுத்தியவர் இன்று எழுபதை ஒட்டி நிற்கிறார். அவர்களுள் ஆலை எந்திரத்தை இன்னும் ஓட்டத் தெரிந்தவர்கள் இருக்கின்றனர். சங்க ரசீதுகளையும் துண்டறிக்கைகளையும் தகரப் பெட்டியில் வைத்திருப்போர் இருக்கின்றனர். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலுள்ள அத்தகையோரின் பட்டியலை மாநாட்டுக்கு முன் மாவட்டக் குழுவிடம் அளிக்க வேண்டும்.