காண்ட்ராக்டர் மேல் கை காட்டினால் ஆகாது

(வெளியூர்த் தொழிலாளர்கள் பற்றி, கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு என்னைப் பேசச் சொன்னது கொஞ்சம் சூடான விஷயம். "வடக்கத்திக்காரங்க வந்து நம்ம வேலையைப் பிடுங்கிட்டாங்க"ன்னு பேச்சு வராத குழுக் கூட்டமே இல்லை. 2025 ஜனவரியில் பல்லடம், அருள்புரம் பக்கம் பங்களாதேஷ்காரர்கள் 30 பேருக்கு மேல் பிடிபட்ட பிறகு அந்தப் பேச்சு இன்னும் கூடிப்போச்சு. அவர்களிடம் பாஸ்போர்ட், விசா இல்லை, போலி ஆதாரை வைத்து வேலையில் சேர்ந்தார்கள் என்று செய்தி வந்தது.

நான் ஒன்று கேட்கிறேனுங்க. அந்த 30 பேரும் தானாகவா மிஷினில் போய் உட்கார்ந்தார்கள்? யாரோ ஒருத்தர் கூப்பிட்டுத்தானே உட்கார வைத்தார்? ஒன்றரை ஷிப்டு வேலை வாங்கி, சனிக்கிழமை கூலியும் கொடுத்தாரே, அவர் யார்? பிடிபட்டவர்களைப் பற்றி ஊரே பேசியது. வேலை கொடுத்தவரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் பேசினோம்?

நாட்டுக்குள் அனுமதியில்லாமல் வருவது குற்றம்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம், வெளிநாட்டினர் சட்டப்படி 5 வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே சட்டத்தில் தண்டனை உண்டு. அதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அமெரிக்காவில் 1986-லேயே இதற்குச் சட்டம் போட்டார்கள். வேலை செய்ய அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் "தெரிந்தே" என்ற ஒரு வார்த்தை இருக்குதுங்களே, அதில்தான் ஓட்டை. "அவர் காகிதம் காட்டினார், நான் நம்பினேன்" என்று சொல்லித் தப்பிக்க வழி கிடைத்தது. போலி ஆதார் கதையும் இதே மாதிரிதான். இன்னொரு கெட்ட வழக்கமும் வந்தது. கூலி கேட்டால் "போலீசைக் கூப்பிடுவேன்" என்று மிரட்டுவது. காகிதம் இல்லாதவர் வாய் திறக்க மாட்டார் என்பதுதான் அவரை வேலைக்கு வைப்பதன் லாபமே.

அந்த லாபத்தால் அடி விழுவது நமக்கு. பக்கத்து டேபிளில் ஒருத்தர் பயந்துகொண்டு குறைந்த கூலிக்குத் தைத்தால், செக்கிங் பண்ணும் அக்காவின் பீஸ் ரேட் எப்படி ஏறும்? கோபப்பட வேண்டியது அந்த ஆள் மேலா, அவரைக் காட்டி நம் ரேட்டைக் குறைத்தவர் மேலா? நீங்களே சொல்லுங்க.

"எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்கிறார்" என்பது பழைய பாட்டு. 1982-ல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை நடந்தது. தினக்கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஆள் பிடித்துத் தந்த மேஸ்திரிகள் ஆளுக்கு 1 ரூபாய் எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் கைக்கு வந்தது 7 ரூபாய். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நீதிபதி பகவதி சொன்ன தீர்ப்பு என்னவென்றால், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு. காண்ட்ராக்டரைக் காட்டி, வேலை கொடுத்தவர் ஒதுங்க முடியாது. அரசாங்கத்துக்கே அந்தத் தீர்ப்பு என்றால் பனியன் கம்பெனிக்கு மட்டும் விதிவிலக்கா? கட்டாய உழைப்பைத் தடுக்கும் அரசியல் சட்டப் பிரிவு, அதாவது 23-ஆம் பிரிவு, குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

வெளிமாநிலத் தொழிலாளருக்கு 1979-லேயே தனிச்சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்து பழைய சட்டங்கள் பல போய்விட்டன. பழைய சட்டத்தில் ஊர் விட்டு வந்ததற்கென்று தனியாக ஒரு படி இருந்தது, புதியதில் அது இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் நமக்கு உதவுகிற சிலதும் இருக்கு. வேலைக்குச் சேர்ந்தால் நியமனக் கடிதம் தர வேண்டும். காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் கம்பெனி தர வேண்டும். வேலையை விட்டு நின்றாலோ நிறுத்தினாலோ 2 வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். பாக்கிக் கூலியை 3 வருடம் வரை கேட்கலாம். கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி பொறுப்பு. இது நம் ஊர்க்காரருக்கும் பொருந்தும்.

இப்போது நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேசணும். குழுக் கடன் வாங்கி 4 பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிற சகோதரிகள் இங்கேயே இருக்கீங்க. கடன் வாங்கும்போது உறுப்பினர், ஆள் வைக்கும்போது முதலாளி. ஆதார் ஜெராக்ஸ் வாங்கி பைலில் போட்டால் மட்டும் போதாதுங்க. அட்டையில் உள்ள க்யூஆர் கட்டத்தை போனில் ஆதார் செயலியை வைத்து ஸ்கேன் பண்ணினால் பெயர், படம் வரும். அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்க. அசல் அட்டையை மட்டும் வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்காதீங்க. வளைகுடாவில் நம்ம ஊர்ப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விசாவைப் புதுப்பிக்காமல் விட்டு, அவர்களைச் சட்டவிரோதிகள் ஆக்கிய முதலாளிகள் உண்டு. 2024-ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 4 மாதம் பொதுமன்னிப்பு கொடுத்ததால் அப்படி மாட்டிக்கொண்டவர்களும் ஊர் திரும்ப வழி கிடைத்தது. அங்கே நமக்கு நடந்தால் அநியாயம் என்கிறோம், இங்கே நாம் செய்யலாமா?

லைன் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் சொல்கிறேன். குடிவைக்கும் ஆட்களின் விவரத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து வையுங்க. அதற்காக வங்காளம் பேசுகிறவர் எல்லாம் பங்களாதேஷ் என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கு வங்காளத்திலும் திரிபுராவிலும் அஸ்ஸாமில் சில மாவட்டங்களிலும் அதுதான் தாய்மொழி. 2023 மார்ச்சில் பீகார் ஆட்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியதே, எத்தனை பேர் பயந்து மூட்டை கட்டினார்கள்! சந்தேகம் என்றால் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்க. வாட்ஸ்அப்பில் போடாதீங்க.

பின்வரிசையில் ஒரு அம்மணி கேட்கிறார், "காகிதம் இல்லாத பொண்ணு பிடிபட்டுட்டா, அவ செஞ்ச வேலைக்குக் கூலி என்னாகும்?" நல்ல கேள்வி. அவர் மேல் வழக்கு நடப்பது தனி, செய்த வேலைக்குக் கூலி தனி. முதலாளி ஒன்றைக் காட்டி இன்னொன்றை விழுங்கிவிடக் கூடாது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம், கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கும் நேரில் போகலாம். போகும்போது எத்தனை நாள் வேலை, என்ன ரேட், எந்தக் கம்பெனி, எந்த மேஸ்திரி என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்க. சனிக்கிழமை கூலிச் சீட்டு ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது.